நாலாம் நம்பர் ஃபீடர்

ஆம்பூர்ப் பக்கம் வானம் இரண்டு தரம் இமைத்தது.
காற்றுதான் முதலில் வரும்.
மழைக்கு இன்னும் அரைமணி இருக்கையிலேயே
கருவேலங்காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வந்து
பள்ளிகொண்டா சப்-ஸ்டேஷன் ஜன்னலில் அறையும்.

முதல் போன்:
"ஒரு சொட்டு வியல, அதுக்குள்ள நிறுத்திட்டியாம்மா?"
நான் நிறுத்தவில்லை.
இரண்டாம் நம்பரில் ஏதோ ஒரு தென்னைமட்டை
ரெண்டு கம்பிகளின் தோளிலும் கைபோட்டிருக்கும்.
பிரேக்கர் திறந்தது,
இரும்புக் கதவை யாரோ காலால் உதைத்த மாதிரி.
ஒரு நிமிஷம் விட்டுப் போட்டேன். நின்றது.
மட்டை கருகி விழுந்திருக்கும்.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன்:
கத்திரி வெயிலில் நீண்டு தொய்ந்த கம்பிகள்
காற்றில் ஊஞ்சலாடி ஒன்றையொன்று தொட்டுவிடும்.
ஆறு மாதத் தூசி பீங்கான் மேல் படிந்திருக்கும்;
முதல் தூறல் அதைக் குழைத்து
மின்சாரம் இறங்க ஒரு படிக்கட்டு கட்டித்தரும்.
இடி கம்பியில் விழவேண்டும் என்றில்லை,
பக்கத்துப் பனைமரத்தில் விழுந்தாலே போதும்.
அதற்கு மண் வேண்டும், எப்போதும் மண்தான்.
நாங்கள் ஊர் ஊராய்க் கம்பம் நட்டு
மண்ணைத் தொடவிடாமல் அதைக் கூட்டிப்போகிறோம்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு இன்னொரு போன்.
"மேடம், ஆத்துல ஒயரு அந்து கெடக்குது."
பேனலைப் பார்த்தேன்.
நாலாம் நம்பரில் சிவப்பு விளக்கு.
எங்களுக்குச் சிவப்பென்றால் எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தம்.
நாற்பத்துநான்கு ஆம்பியர் நாற்பத்தொன்றாகியிருந்தது,
யாரோ மோட்டாரை அணைத்தாலும் அவ்வளவு குறையும்.
"அறுந்திருந்தா இங்க ட்ரிப் ஆகியிருக்குமே?"
"அத்தெல்லாம் எனக்குத் தெரியாது மேடம்.
எருது கால எடுத்து வைக்கமாட்டேங்குது.
நின்னுகினு நடுங்குது."

ராத்திரி ஒன்பதரைக்குப் பாலாற்றில்
எருதுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.
பேர் கேட்டேன், ரிஜிஸ்டரில் ஒரு பத்தி இருக்கிறது.
"பேரு இன்னாத்துக்கு மேடம்" என்று வைத்துவிட்டார்.

கைப்பிடியைத் திருப்பினேன்.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் நாலாயிரம் வீடு
ஒரே மூச்சில் அணைந்தது.

ஈரமண்ணில் விழுந்திருந்தால்
மின்சாரம் பாய்ந்து இறங்கியிருக்கும்,
ரிலே அதிர்ந்து அந்த நொடியே வெட்டியிருக்கும்.
பாலாற்று மணலில் ஈரமெங்கே?
உள்ளேயும் விடாமல், எங்களுக்கும் சொல்லாமல்
பதினோராயிரம் வோல்ட்டை மேலேயே கிடத்தியிருந்தது மணல்.
மீட்டருக்குத் தெரியாதது
நான்கு குளம்புகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு போன் ஓயவில்லை.
"மழைன்னாலே புடுங்கி வுட்றதுதான் உங்க பொழப்பா?"
"மண்டபத்துல ரிசப்ஷன் நடக்குது, ஜெனரேட்டருக்கு நீ துட்டு தருவியா?"
ஒருவர் என் அம்மாவையும் இழுத்தார்.
காத்து நின்னதும் வரும் சார், என்றேன், காத்து நின்னதும் வரும்.
பத்து மணிக்குமேல் மழை பிடித்துக்கொண்டது.

லைன்மேன் ஏகாம்பரம் டார்ச்சோடு ஆற்றில் இறங்கி
பன்னிரண்டு மணி சுமாருக்குக் கூப்பிட்டார்.
"கெடச்சிடுச்சி மேடம். கட்டி எர்த் பண்ணிட்டோம்.
கம்பி கெடந்த எடத்துல
மணலு கண்ணாடி கணக்கா உருகிக் கீது."
மழையிரைச்சலில் கொஞ்சநேரம் பேச்சில்லை.
"இருபது அடி தள்ளி ஒரு வண்டிச்சோடு.
லோடு மணலையும் அங்கயே கொட்டிட்டு
வந்த வழியே திரும்பிட்டிருக்கான்."
"சரி, கம்பியைப் பாருங்க" என்றேன்.

ரிஜிஸ்டரை எடுத்தேன்.
21.33. நான்காம் எண். கையால் நிறுத்தப்பட்டது.
தகவல் தந்தவர்:
எருது என்று எழுதி, அடித்து,
மேலே பொதுமக்கள் என்று எழுதினேன்.